தும்மல் மாத்திரை

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

உன் கணவன் எழுதுவது. நான் இங்கே சுகம். சுகம் என்று நான் சொன்னால் இப்போதெல்லாம் யாரும் நம்புவதில்லை, அதனால் கையெழுத்தைப் பார்த்து நீயே முடிவு செய்துகொள். வரி கோணவில்லை, எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறவில்லை. நீயும் மகளும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மேலே உன்னை அழைக்கிற இடத்தில் ஒரு சொல்லை மையால் அடித்திருப்பதைக் கவனித்திருப்பாய். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே. கடைசியில் நானே சொல்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் கத்துகிறேனாம். என் குரலே அப்படித்தான் என்று உனக்குத் தெரியும். சுத்தியல் சத்தத்துக்கு நடுவில் நாற்பது வருஷம் பேசிய தொண்டை இது. மகள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசுகிறாள், நீ பக்கத்தில் உட்கார்ந்து கனைத்துக்கொண்டு மட்டும் இருக்கிறாய். கனைப்பு யாருடையது என்று எனக்குத் தெரியாதா? கடிதத்தில் கத்த முடியாது. பெரிய எழுத்தில் எழுதினால்தான் உண்டு, அதற்கும் காகிதம் போதாது.

வீட்டுச் சமாச்சாரம். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகியது. வாஷரை நானே மாற்றினேன். எதிர்வீட்டுத் தையல்காரம்மா உன்னைத் தினமும் விசாரிக்கிறார். என்னைப் பார்த்துக்கொள்ள நீ விட்டுப்போன என் தங்கை இன்னும் இங்கேதான் இருக்கிறாள். இப்போது நான்தான் அவளைப் பார்த்துக்கொள்கிறேன். முழங்கால் வலி என்று உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருப்பதில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே எனக்கு உத்தரவு போடுகிறாள். உன் நாத்தனாரைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா என்ன.

நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். மகளுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு மூன்று மாதத்தில் திரும்பி வருகிறேன் என்று சொல்லிப் போனாய். முதலில் குழந்தைக்குச் சளி என்று தள்ளிப் போட்டாய். நியாயம். அப்புறம் குளிர் குறையட்டும் என்றாய். அதுவும் நியாயம். போன வாரம் மகள் சொல்கிறாள், அம்மா இங்கயே இருக்கட்டும்பா என்று. இதில் என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. புத்தி கலங்கிக் கிடந்த புருஷனை இரண்டு வருஷம் கூடவே இருந்து பார்த்தவள், அவனுக்குப் புத்தி தெளிந்த பிறகு வர மாட்டேன் என்றால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? நாலு பேரை விடு. நான் என்ன நினைத்துக்கொள்வது?

எப்படித் தெளிந்தது என்று மகள் உனக்கு அரைகுறையாகச் சொல்லியிருப்பாள். முழுதாகக் கேள். நீ போன மறுமாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். எலும்பு ஒன்றும் உடையவில்லை. தங்கைக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பழைய டாக்டரிடம் போகாமல், வயதானவர்களை மட்டும் பார்க்கிற ஒரு டாக்டரம்மா புதிதாக வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு அவரிடம் அழைத்துப் போனாள். அவர், இவர் வாய்க்குள்ள போறது என்னென்னவோ அத்தனையும் நாளைக்கு ஒரு பையில போட்டுக் கொண்டு வாங்க என்று சொல்லியிருக்கிறார். தங்கையைத் தெரியுமல்லவா, சொன்னதை அப்படியே செய்கிறவள். பற்பசை, பிரஷ், பெப்பர்மின்ட், பல்குத்தும் குச்சி, என் பல்செட், எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பினாளாம். டாக்டரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். கடைசியாகப் பையிலிருந்து என் ஆணி டப்பா வந்திருக்கிறது.

இதுல ஆணின்னு எழுதியிருக்கு, ஆனா தினமும் இதத்தான் வாயில போட்டுக்கறாரு என்றாளாம் தங்கை. டாக்டரம்மா திறந்து பார்த்தவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

உள்ளே இருந்தது நம் தும்மல் மாத்திரை. உனக்குக் கதை தெரியும், ஆனால் தெளிந்த பிறகு டாக்டரம்மாவுக்கு நான் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. சோபாவுக்கும் நாற்காலிக்கும் துணி போடுகிற என்னை மாதிரிக் குஷன் வேலைக்காரன் ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு அடிக்க முடியாது. ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்க வேண்டும், இன்னொரு கையில் சுத்தி. ஆணி ஒரு பிடி வாயில் இருக்கும். நாக்கால் ஒவ்வொன்றாகத் திருப்பி உதட்டுக்குக் கொண்டுவர, காந்தச் சுத்தி அதைக் கவ்வி எடுத்துக்கொள்ளும். பழைய சோபாவைப் பிரித்தாலோ பத்து வருஷத்துத் தூசி மூக்கில் ஏறும். வாயில் ஆணியோடு தும்மினால் என்ன ஆகும்? பட்டறையில் மீசை என்று ஒருவன் இருந்தானே, அவன் ஒரு தும்மலில் ஆணியை விழுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தான். அன்றிலிருந்து பட்டறையில் எல்லோரும் காலையில் வந்ததும் முதலில் ஒரு தும்மல் மாத்திரை, அப்புறம்தான் வாயில் ஆணி. காலி ஆணி டப்பாவில் மாத்திரையைக் கொட்டி நடுவில் வைத்திருப்போம், ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வோம். அதை மருந்து என்று யார் நினைத்தது? சுத்தி மாதிரி, ஊசி மாதிரி அதுவும் ஒரு சாமான். வேலையை விட்ட பிறகும் பழக்கம் விடவில்லை. காலை டீயோடு அது இல்லாவிட்டால் நாள் விடியாது.

அதனால்தான் பெரிய ஆஸ்பத்திரியில் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டபோது, பிரஷருக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று என்று நீ சொன்னாய். நான் தெளிவாக இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அவர்கள் தலையைப் படம் எடுத்து, மறதி நோய் என்று பெயர் வைத்து அனுப்பிவிட்டார்கள்.

டாக்டரம்மா எனக்குப் பொறுமையாகத்தான் விளக்கினார். முதல் தடவை சொன்னது மண்டையில் நிற்கவில்லை, தெளிந்த பிறகு மறுபடி போய்க் கேட்டுக்கொண்டேன். மூளைக்குள் ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்குச் சேதி சொல்ல ஒரு ரசாயனத்தைத் தூது அனுப்புமாம். அந்தத் தூது போய் உட்கார அந்தப் பக்கம் இடம் இருக்க வேண்டும். அந்த இடத்துக்கு ஏற்பி என்று பெயர். உட்கார்கிற இடம் என்றதும் நான் நிமிர்ந்துவிட்டேன், நம் தொழில் அல்லவா. நாற்காலின்னு வெச்சுக்கலாமா டாக்டர் என்றேன். தாராளமா வெச்சுக்குங்க ஐயா என்றார். ஞாபகத்துக்கு ஒரு வகை நாற்காலி, உற்சாகத்துக்கு ஒரு வகை, தூக்கத்துக்கு ஒரு வகை என்று பல தினுசு உண்டாம். வயதாக ஆக அதில் பல குறைந்துகொண்டே போகுமாம். இருப்பதிலும் சில ஆட்டம் கண்டுவிடுமாம். அனுப்புகிற தூதும் முன்போல வருவதில்லை. இது நோயில்லை, எனக்கும் நடக்கும், உங்களுக்கும் நடக்கும் என்றார்.

இந்தத் தும்மல் மாத்திரை தும்மலை மட்டும் அடக்கிவிட்டுப் போவதில்லையாம். மூளைக்குள் ஏறி, ஞாபகத்துக்கான தூது உட்கார வேண்டிய நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொள்ளுமாம். தானும் வேலை செய்யாது, எழுந்து இடமும் விடாது. முப்பது வயதில் மண்டபம் நிறைய நாற்காலி, பத்து போனால் தெரியாது. எழுபது வயதில் இருப்பதே கொஞ்சம். அதையும் இது பிடித்துக்கொண்டால் வந்த சேதி வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டியதுதான். போதாதற்கு ஈரலும் சிறுநீரகமும் முன்போல் வேகமாக வெளியே தள்ளாததால், நேற்றைய மாத்திரை கிளம்புவதற்குள் இன்றைய மாத்திரை வந்துவிடுகிறது. முப்பது வருஷமா சாப்பிடறேனே ஒண்ணும் ஆகலையே என்றேன். மாத்திரை மாறல ஐயா, நீங்க மாறிட்டீங்க என்றார்.

ஒரேயடியாக நிறுத்தாமல் குறைத்துக் குறைத்து நிறுத்தச் சொன்னார். மூக்கு ஆறாக ஓடியது. அப்புறம் ஒருநாள் காலை, சன்னல் கம்பியைப் பார்த்து, இதுக்கு யாரு பச்சைப் பெயின்ட் அடிச்சது என்று கேட்டேனாம். தங்கை கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டுவிட்டாள். அது அடித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். முழுசாகத் திரும்பும் என்று டாக்டரம்மா உறுதி சொல்லவில்லை. சில பெயர்கள் இன்னும் வருவதில்லை. மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு தேடுகிறேன். ஆனால் நான் யார், இது யார் வீடு, நீ எங்கே போயிருக்கிறாய் என்பதெல்லாம் நன்றாகத் தெரிகிறது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிற அளவுக்குத் தெரிகிறது.

தெளிந்ததும் முதல் வேலையாகப் பின்னறையைத் திறந்தேன். துணி காயப்போடுகிற கம்பி இருந்தது, பேத்திக்கு வாங்கிய தொட்டிலின் காலி அட்டைப்பெட்டி இருந்தது. என் வேலை மேஜை இல்லை. பட்டை இழுக்கிற கட்டை இல்லை, வளைந்த ஊசிகள் இல்லை, ஸ்பிரிங் கட்டுகிற கயிறு ஒரு முழம்கூட இல்லை. எல்லாம் பழைய இரும்புக்காரன் வண்டியில் போய்விட்டதாம். செத்தவன் சாமானைக்கூடக் கொஞ்ச நாள் வைத்திருப்பார்கள். காந்தச் சுத்தியை மட்டும் தையல்காரம்மா கேட்டு வாங்கிக்கொண்டாராம், கீழே விழுந்த ஊசி பொறுக்க. போய்க் கேட்டேன். கொடுத்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கொடுத்தார்.

அவர்தான் முதலில் ஆரம்பித்தார். அந்த ரெண்டு வருஷம் நீங்க தங்கமான மனுஷரா இருந்தீங்க என்றார். அதற்கு முன்னால் நான் என்ன தகரமா? தங்கையிடம் வந்து சொன்னால் அவளும் அதையே பாடுகிறாள். போட்டதைச் சாப்பிடுவேனாம். உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளி வைக்க மாட்டேனாம். நீ தண்ணீர் கொண்டு வந்தால் கையெடுத்துக் கும்பிடுவேனாம். சாயங்காலம் வாசலில் உன் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேனாம். ஆளாளுக்கு அந்த ஆளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். சட்டைப் பொத்தான் போடத் தெரியாத ஆள். ஒரு நாற்காலிக்குத் துணி மாற்றிச் சம்பாதித்துப் போடாத ஆள். நாற்பது வருஷம் தூசியைத் தின்று குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவனுக்குக் கிடைக்காத நல்ல பெயர் இரண்டு வருஷத்தில் அவனுக்குக் கிடைத்துவிட்டது. எனக்கு வயிறு எரியாதா?

மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். பார்த்துத் திருந்தட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. நான் பின்னால் உட்கார்ந்து உனக்குத் தலை வாரிவிடுகிறேன். சீப்பைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன், முட்டாள். நீ திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாய். அப்படிச் சிரிக்கிறாய். உனக்குக் கடைவாயில் ஒரு பல் இல்லை என்பது அந்த வீடியோவைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. எப்போது விழுந்தது என்று தங்கையிடம் கேட்டேன். மகள் பிறந்தபோதே விழுந்துவிட்டது என்றாள்.

அந்த ஆள் உன்னைச் சிட்டு என்று கூப்பிடுகிறான். சிட்டு, ஆடாம இரு, சிக்கு எடுக்கணும் என்கிறான். நான் உன்னை என்றைக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்? இந்தா, ஏய், எங்க போய்த் தொலைஞ்ச, இவ்வளவுதானே. மேலே நான் எழுதி அடித்த சொல் அதுதான். எழுதிப் பார்த்தேன். அடுத்தவன் சட்டையை மாட்டிக்கொண்ட மாதிரி கூசியது.

நான் தெளிந்த பிறகு முதல் முறை வீடியோவில் பேசினோமே, நினைவிருக்கிறதா? மகள் கைதட்டினாள். மாப்பிள்ளை கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நான் முதல் வார்த்தையாக, என் மேஜைய எவன்கிட்ட தூக்கிக் கொடுத்த என்று கேட்டேன். உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போன வீடு மாதிரி ஆகிவிட்டது. குழந்தை அழுகிறது என்று எழுந்து போனாய். குழந்தை அழவில்லை. மகள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

போன வாரம் மகள் போனை வைப்பதற்கு முன்னால் சொன்னதையும் எழுதிவிடுகிறேன், நீ கேட்டாயோ இல்லையோ. நீங்க நோயாளியா இருந்தப்பதாம்பா அம்மா மனுஷியா இருந்தாங்க என்றாள். நான் வளர்த்த பெண். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. டாக்டரம்மாவிடம் போய், கோபத்துக்கு எந்த நாற்காலி டாக்டர், அதுலயும் எதையாவது உட்கார வைக்க முடியுமா என்று கேட்டேன். கோபத்துக்கு ஒரு நாற்காலின்னு கிடையாது ஐயா, அது வீடு முழுக்க நடமாடும் என்றார். இதைச் சொல்லவா இத்தனை படிப்பு.

இதோடு முடிக்கலாம் என்றுதான் நேற்று எழுதி மடித்து வைத்தேன். இன்று மறுபடி பிரித்துவிட்டேன்.

தங்கைக்குச் சூது வாது கிடையாது. பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். போன வருஷம் பெருமழையில் கடைகள் எல்லாம் மூடிக் கிடந்ததே, அப்போது தும்மல் மாத்திரை தீர்ந்துவிட்டதாம். ஒரு வாரம் போனதும் நீ அவளிடம் போனில், பழைய மாதிரி கத்த ஆரம்பிச்சுட்டாரு, என் பேரெல்லாம் மறந்துட்டாரு என்று அழுதாயாம். உன் பெயரை மறந்துவிட்டேன் என்றால், சிட்டு என்பதை மறந்துவிட்டேன் என்று அர்த்தம். அப்புறம் முழங்கால் தண்ணீரில் நடந்து போய் எங்கேயோ ஒரு கடையைத் திறக்கச் சொல்லி மாத்திரை வாங்கி வந்தாயாம். மறுபடி போன் பண்ணி, போட்டதும் சாந்தமாயிட்டாரு, இனிமே தீரவே விட மாட்டேன் என்றாயாம்.

நான் தும்மியிருப்பேன். அதற்காகத்தான் போயிருப்பாய். நாற்காலியும் ஏற்பியும் உனக்கு எங்கே தெரியும், படித்த ஆஸ்பத்திரிக்கே தெரியவில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் மாத்திரை இல்லாவிட்டால் எந்த ஆள் வருகிறான், இருந்தால் எந்த ஆள் வருகிறான் என்பது உனக்குத் தெரிந்திருக்கிறது. உன்மேல் கோபப்பட வேண்டும் என்று நேற்றெல்லாம் உட்கார்ந்திருந்தேன். மூக்குக்கு மேல் கோபம் வருகிறவனுக்கு இதற்குப் போய் வரவில்லை. அந்தத் தண்ணீரில் நீ நடந்து போனதுதான் கண்ணுக்குள் நிற்கிறது. எனக்காக நீ அப்படி ஓடியது கிடையாது. அவனுக்காக ஓடியிருக்கிறாய்.

அந்த இரண்டு வருஷத்தில் எனக்கு ஞாபகம் இருப்பது ஒன்றே ஒன்று. தலைக்குள் ஈரப் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கும். அதற்கு நடுவில் யாரோ ஈரத்துணியால் கழுத்தைத் துடைத்துவிடுவார்கள். யார் என்று தெரியாது, சுகமாக இருக்கும். இப்போது யார் என்று தெரிகிறது. கழுத்தை நானே துடைத்துக்கொள்கிறேன்.

டப்பாவைக் குப்பையில் போடச் சொன்னார் டாக்டரம்மா. நான் போடவில்லை. அடுப்புக்கு மேலே, சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில், நீ வைத்துவிட்டுப் போன இடத்திலேயே இருக்கிறது. உள்ளே மாத்திரையும் இருக்கிறது. தங்கையை அவள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன்.

நீ வா. வந்து காலையில் டீ போடு. எனக்கு டம்ளரை நீட்டும்போது பக்கத்தில் மாத்திரை இல்லாவிட்டால், டீயைக் குடித்துவிட்டுக் கத்தாமல் எழுந்து போகப் பார்க்கிறேன். உறுதியெல்லாம் கொடுக்க மாட்டேன், கொடுத்தால் நீயும் நம்ப மாட்டாய். பக்கத்தில் மாத்திரை இருந்தால், இது என்ன என்று கேட்க மாட்டேன். போட்டுக்கொள்கிறேன். அப்புறம் அவன் உனக்குத் தலை வாரிவிடட்டும்.

பேத்திக்கு என் ஆசி. மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் சொல்லவும். நீ உடம்பைப் பார்த்துக்கொள், அந்தப் பல்லை அங்கேயே ஒரு நல்ல டாக்டரிடம் காட்டிவிட்டு வா. நீ நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் கணவன்